மோட்டாரைத் தூக்கும் முன் மீட்டரைப் பாருங்கள்

கோடையில் நீர்மூழ்கி மோட்டார் நின்றுவிட்டால், "காயில் போய்விட்டது" என்று முடிவு செய்து, போர்வெல்லில் இருந்து மோட்டாரைத் தூக்க ஆள் கூப்பிடுவதுதான் பெரும்பாலான தோட்டங்களில் முதல் வேலையாக நடக்கிறது. 200, 300 அடி பைப்பைக் கழற்றி மேலே எடுத்து, மோட்டாரை வைண்டிங் கடைக்குக் கொண்டுபோன பிறகு, "மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை" என்று கடைக்காரர் சொன்னால், தூக்கு கூலி, இறக்கு கூலி, போக்குவரத்து அத்தனையும் வீண். கோளாறு ஸ்டார்ட்டர் பெட்டியிலேயே ஒரு தளர்ந்த திருகாக இருந்திருக்கும். அல்லது டிரான்ஸ்பார்மரில் போன ஒரு பியூஸாக இருந்திருக்கும்.

கூலியைவிடப் பெரிய இழப்பு நாட்கள். கீரைப் பாத்தி கோடையில் மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் தாங்காது. கதிர் வரும் பருவத்தில் நெல் வயல் காய்ந்தால், பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் பதர் குறையாது. எனவே, மோட்டாரைத் தூக்கும் முன் அரை மணி நேரம் செலவிட்டு, கோளாறு மின் லைனிலா, ஸ்டார்ட்டரிலா, கிணற்றுக்குள்ளா என்று பிரித்துப் பார்த்துவிட வேண்டும். இந்த மூன்றில் முதல் இரண்டும் தரைக்கு மேலே உள்ளவை.

நகரை ஒட்டிய தோட்டங்களின் நிலை

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டை, மிட்டனமல்லி, பாலவேடு, பாண்டேஸ்வரம் பகுதிகள் சென்னையின் விளிம்பில் உள்ளவை. இதற்கு வடக்கே கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் ஆகிய இடங்களை, 1960-களின் இறுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியுடன் நடந்த ஆய்வு சென்னைக்கான கிணற்று வயல்களாக அடையாளம் காட்டியது. வயலுக்கும் நகரத்துக்கும் சேர்த்து இந்த வட்டாரத்தின் நிலத்தடி நீர் பல ஆண்டுகளாக எடுக்கப்பட்டு வருகிறது. நீர்மட்டம் இறங்க இறங்க, திறந்த கிணற்று மேட்டில் இருந்த மோனோபிளாக் மோட்டாரால் நீரை உறிஞ்ச முடியாமல் போய், போர்வெல்லும் நீர்மூழ்கி மோட்டாரும் வந்தன.

மோனோபிளாக் மோட்டார் கண்ணுக்கு முன்னால் இருக்கும். சூடானால் கை வைத்துப் பார்க்கலாம். கருகினால் வாசனை வரும். நீர்மூழ்கி மோட்டாரில் அதெல்லாம் தெரியாது. மேலே இருக்கும் வோல்ட் மீட்டரும் ஆம்ஸ் மீட்டரும்தான் நமக்குக் கண்ணும் காதும்.

நகரை ஒட்டிய பகுதிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீடுகளும் பம்பு செட்டுகளும் ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் இடங்களில், ஒவ்வொரு வீடும் ஒரு பேஸில் இருந்து மட்டும் மின்சாரம் எடுக்கிறது. மனை பிரித்து வீடுகள் கூடும்போது, ஏதாவது ஒரு பேஸில் ஏ.சி., ஹீட்டர் என்று சுமை ஏறி, அந்த பேஸின் வோல்டேஜ் மட்டும் இறங்குகிறது. வீட்டில் பல்பு சற்று மங்கலாக எரியும், அவ்வளவுதான். மூன்று பேஸும் சமமாக வேண்டிய விவசாய மோட்டாருக்கோ அது காயிலைத் தின்னும் நோய்.

பாதுகாப்பு முதலில்

மீட்டரைப் பார்ப்பது, எண்களைக் குறிப்பது ஆகியவற்றை விவசாயியே செய்யலாம். பெட்டியைத் திறந்து கம்பியைத் தொடும் வேலை எல்லாம் உரிமம் பெற்ற வயர்மேனுக்கு உரியது. மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ் கட்டைகளை உருவிக் கையில் வைத்துக்கொண்ட பிறகே பெட்டிக்குள் கை வைக்க வேண்டும். ஈரக் காலுடன், ஈரத் தரையில் நின்று வேலை செய்யக் கூடாது. மின் கம்பத்திலோ டிரான்ஸ்பார்மரிலோ பியூஸ் போயிருந்தால் அதை மின்வாரிய ஊழியர் மட்டுமே போட வேண்டும். "அவர் வர நேரமாகும், நானே போட்டுவிடுகிறேன்" என்று ஏறி உயிரைவிட்டவர்கள் உண்டு.

நோட்டில் நான்கு எண்கள்

மோட்டார் நன்றாக ஓடும் ஒரு நாளில் நான்கு விவரங்களை எழுதி வைக்க வேண்டும். முதலாவது, மூன்று பேஸ் ஜோடிகளுக்கும் உள்ள வோல்டேஜ். இரண்டாவது, மூன்று கம்பிகளிலும் ஓடும் ஆம்பியர். மூன்றாவது, 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை வினாடி. நான்காவது, மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள முழுச்சுமை ஆம்பியர். மோட்டார் கிணற்றுக்குள் போய்விட்டால் பெயர்ப்பலகையைப் பார்க்க முடியாது. எனவே இறக்கும் முன்பே செல்போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. இந்த எண்களை ஸ்டார்ட்டர் பெட்டியின் உள்கதவில் ஒட்டி வைத்தால், கோளாறு வரும் நாளில் வயர்மேனின் வேலை பாதி குறையும்.

பேனல் போர்டில் ஒரே ஒரு ஆம்ஸ் மீட்டர் இருந்தால் அது ஒரு பேஸை மட்டுமே காட்டும். மூன்றையும் அளக்க டாங் டெஸ்டர் வேண்டும். அதன் கொக்கிக்குள் ஒரு நேரத்தில் ஒரு கம்பி மட்டுமே இருக்க வேண்டும். மூன்று கம்பியையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்ஜியத்தை ஒட்டிய எண்தான் வரும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் என்றால், மோட்டாருக்குப் போகும் 6 கம்பிகளில் அளக்காமல், ஸ்டார்ட்டருக்குள் வரும் 3 லைன் கம்பிகளில் அளக்க வேண்டும். 6 கம்பிகளில் லைன் ஆம்பியரில் 58 சதவீதம் அளவே காட்டும். அதைப் பார்த்து, சுமை குறைவு என்று தவறாக நினைக்க இடமுண்டு.

முதல் சோதனை: லைன்

மோட்டாரை நிறுத்திவிட்டு, சிவப்பு-மஞ்சள், மஞ்சள்-நீலம், நீலம்-சிவப்பு என்று மூன்று ஜோடிகளிலும் வோல்டேஜ் பார்க்க வேண்டும். மோட்டார் ஓடும்போது மட்டும் பார்ப்பது போதாது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் போனால், சுழலும் மோட்டாரே அந்த பேஸில் ஒரு வோல்டேஜை உண்டாக்கிக் காட்டும். மீட்டரில் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். உள்ளே காயில் வெந்துகொண்டிருக்கும்.

சரியான அளவு 415 வோல்ட். 390 முதல் 440 வரை இருந்தால் கவலை இல்லை. 350-க்குக் கீழே இறங்கினால் மோட்டாரை ஓட்டக் கூடாது. வோல்டேஜ் குறைந்தால் அதே வேலையைச் செய்ய மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும், காயில் சூடாகும்.

ஒரு பேஸ் முழுமையாக இல்லை என்றால் நின்றிருக்கும் மோட்டார் உறுமும், சுற்றாது. ஓடும்போது போனால், மற்ற இரண்டு கம்பிகளில் ஆம்பியர் ஏறத்தாழ 1.7 மடங்கு ஏறும். ஓவர்லோடு ரிலேயும் சிங்கிள் பேஸ் பிரிவென்டரும் சரியாக இருந்தால் உடனே டிரிப் ஆகும். இல்லையென்றால் சில நிமிடங்களில் காயில் கருகும். இந்த நிலையில் மெயின் சுவிட்சின் பியூஸ் கட்டைகளை வயர்மேன் பார்க்க வேண்டும். அவை சரியாக இருந்தும் உள்வரும் லைனிலேயே பேஸ் இல்லை என்றால், அது மின்வாரியத்தின் வேலை. பக்கத்துத் தோட்டத்திலும் அதே நிலையா என்று கேட்டுவிட்டுப் புகார் செய்யலாம். மின்னகம் மையத்தின் 94987 94987 என்ற எண்ணில் எந்த நேரமும் புகாரைப் பதிவு செய்யலாம்.

மூன்று வோல்டேஜும் இருந்து, சமமாக இல்லாவிட்டால்? ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 410, 400, 375 என்று மூன்று அளவுகள் வருவதாக வைத்துக்கொள்வோம். சராசரி 395. சராசரியில் இருந்து அதிகம் விலகி நிற்பது 375; வித்தியாசம் 20. இதை 395-ஆல் வகுத்தால் 5 சதவீதம். பார்வைக்குச் சிறிய எண். ஆனால், மின்சார வோல்டேஜ் வேறுபாடு மோட்டாரில் பல மடங்கு ஆம்பியர் வேறுபாடாக மாறும். வேறுபாட்டு சதவீதத்தை அதே எண்ணால் பெருக்கி, மேலும் இரண்டால் பெருக்கினால், காயிலின் வெப்பம் எத்தனை சதவீதம் கூடும் என்பது தோராயமாகக் கிடைக்கும். 5 சதவீத வேறுபாட்டுக்கு 50 சதவீதம் கூடுதல் சூடு. வழக்கமான சூட்டைவிட 10 டிகிரி செல்சியஸ் கூடினால் காயில் காப்புப் பூச்சின் ஆயுள் பாதியாகும் என்பது மின்துறையில் பழகிய கணக்கு. புதிதாக வைண்டிங் செய்த மோட்டார் ஆறு மாதத்தில் திரும்பவும் கருகுவதற்குப் பல இடங்களில் வைண்டிங் கடைக்காரர் காரணம் இல்லை. இந்த வேறுபாடுதான் காரணம்.

இரண்டாவது சோதனை: ஸ்டார்ட்டர்

வோல்டேஜ் சரியாக இருந்து, பச்சைப் பொத்தானை அழுத்தினால் "டக்" என்ற சத்தமே வரவில்லை என்றால், கான்டாக்டர் காயிலுக்கு மின்சாரம் போகவில்லை என்று பொருள். ஓவர்லோடு ரிலே டிரிப் ஆகி நிற்கலாம், பிரிவென்டர் தடுத்திருக்கலாம், தண்ணீர் வற்றியதைக் காட்டும் டிரை ரன் பாதுகாப்பு வெட்டியிருக்கலாம், நிறுத்தும் பொத்தான் சிக்கியிருக்கலாம். எது டிரிப் ஆனது என்பதை முதலில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். காரணம் தெரியாமல் ரீசெட் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவது மோட்டாரைக் கொல்வதற்குச் சமம். ஒரு முறை ரீசெட் செய்து மீண்டும் டிரிப் ஆனால் அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.

"டர்ர்" என்று கான்டாக்டர் அதிர்ந்தால், வோல்டேஜ் குறைவு அல்லது காந்த முகத்தில் தூசி, துரு. பெட்டியைத் திறந்தால் எறும்புக் கூட்டமும், கான்டாக்ட் இடையில் நசுங்கிய பல்லியும் இருப்பது சாதாரணம். பல்லி ஒன்று சிக்கினால் அந்த ஒரு பேஸ் மட்டும் சரியாகத் தொடாது. விளைவு, லைனில் மூன்று பேஸும் இருந்தும் மோட்டாருக்கு இரண்டுதான் போகும். பெட்டியில் கேபிள் நுழையும் துளைகளை ரப்பர் வளையம் வைத்து அடைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

டெர்மினல் திருகுகளைச் சுற்றிக் கம்பியின் உறை பழுப்பாகவோ உருகியோ இருந்தால் அங்கே இணைப்பு தளர்ந்து சூடாகியிருக்கிறது. கருகிய பகுதியை வெட்டி, புதிய லக் பொருத்தி, இறுக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை, மின்சாரத்தை முழுமையாக அணைத்துவிட்டு எல்லாத் திருகுகளையும் இறுக்கிவிட்டாலே பாதித் தொல்லை வராது. ஓவர்லோடு ரிலேயின் அளவைப் பெயர்ப்பலகை ஆம்பியருக்கு மேலே திருப்பி வைக்கக் கூடாது.

மூன்றாவது சோதனை: ஆம்பியர் சொல்லும் செய்தி

மோட்டார் ஓடுகிறது; ஆனால் தண்ணீர் குறைவு, அல்லது சற்று நேரத்தில் டிரிப் ஆகிறது என்றால் ஆம்பியரைப் பார்க்க வேண்டும்.

மூன்று கம்பியிலும் ஆம்பியர் வழக்கத்தைவிடக் குறைந்து, தண்ணீரும் குறைந்தால், கோளாறு மின்சாரத்தில் இல்லை. நீர்மட்டம் இறங்கி மோட்டார் காற்றை இழுக்கலாம், பம்பையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளிங் உடைந்திருக்கலாம், வடிகட்டி அடைத்திருக்கலாம்.

மூன்று கம்பியிலும் ஆம்பியர் கூடினால், முதலில் வோல்டேஜ் குறைவா என்று பார்க்க வேண்டும். வோல்டேஜ் சரி என்றால் பம்பில் மணல் புகுந்து இறுகியிருக்கும், அல்லது பேரிங் தேய்ந்திருக்கும்.

ஆம்பியர் பெரிதாக மாறாமல் தண்ணீர் மட்டும் திடீரென்று பாதியானால், மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறதா என்று சந்தேகப்பட வேண்டும். டிரான்ஸ்பார்மரிலோ கம்பத்திலோ வேலை நடந்த மறுநாள் இது நேர்வதுண்டு. அந்த டிரான்ஸ்பார்மரில் உள்ள எல்லாத் தோட்டங்களிலும் ஒரே நாளில் தண்ணீர் குறைந்திருந்தால் பேஸ் வரிசை மாறிவிட்டது என்பது உறுதி. ஏதாவது இரண்டு கம்பிகளை இடம் மாற்றினால் சரியாகிவிடும். சுழற்சி சரியாக இருந்தும் தண்ணீர் குறைந்தால் பைப்பில் ஓட்டை விழுந்திருக்கலாம்.

மூன்று கம்பிகளிலும் ஆம்பியர் சமமாக இல்லாதபோதுதான் பலரும் குழம்புகிறார்கள். கோளாறு லைனிலா, கிணற்றுக்குள்ளா? இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. மூன்று கம்பி செல்லும் மோட்டாரில், சிவப்பு லைனில் 8.5, மஞ்சள் லைனில் 8.8, நீல லைனில் 11 ஆம்பியர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். மின்சாரத்தை அணைத்துவிட்டு, ஸ்டார்ட்டரில் மோட்டார் கேபிளின் மூன்று கம்பிகளையும் ஒரு படி நகர்த்த வேண்டும். சிவப்பில் இருந்தது மஞ்சளுக்கு, மஞ்சளில் இருந்தது நீலத்துக்கு, நீலத்தில் இருந்தது சிவப்புக்கு. மூன்றையும் நகர்த்துவதால் சுழலும் திசை மாறாது. மீண்டும் ஓட்டிப் பார்க்கும்போது 11 ஆம்பியர் நீல லைனிலேயே நின்றால் கோளாறு லைனில் அல்லது ஸ்டார்ட்டரில். மோட்டாரைத் தொடவே வேண்டாம். 11 ஆம்பியர் கம்பியுடன் சேர்ந்து சிவப்பு லைனுக்கு நகர்ந்துவிட்டால் கோளாறு கேபிளில் அல்லது மோட்டாரில். அப்போதுதான் தூக்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். 6 கம்பி உள்ள மோட்டாரில் ஜோடி மாறாமல் நகர்த்த வேண்டும் என்பதால், அதில் பழகிய வயர்மேனே இதைச் செய்ய வேண்டும்.

சராசரியில் இருந்து ஆம்பியர் விலகல் 5 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. 10 சதவீதத்தைத் தாண்டினால் காரணத்தைச் சரிசெய்யாமல் மோட்டாரை ஓட்டக் கூடாது. மேலே சொன்ன உதாரணத்தில் விலகல் 16 சதவீதத்துக்கும் மேல்.

கடைசிச் சோதனை: மேலே இருந்தபடியே கிணற்றுக்குள்

மின்சாரத்தை அணைத்து, மோட்டார் கேபிளை ஸ்டார்ட்டரில் இருந்து முழுவதும் கழற்றிவிட்டு இரண்டு அளவுகள் எடுக்க வேண்டும்.

ஒன்று, மல்டிமீட்டரில் கம்பிக்குக் கம்பி ரெசிஸ்டன்ஸ். 3 கம்பி மோட்டாரில் மூன்று ஜோடிகளும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒரு கம்பி வரும் ஜோடிகளில் மட்டும் மீட்டர் எதுவும் காட்டாவிட்டால் அந்தக் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது, பெரும்பாலும் ஜாயின்டில். ஒரு ஜோடியில் எண் நன்றாகக் குறைந்தால் காயில் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கிறது.

இரண்டு, 500 வோல்ட் மெக்கர் கொண்டு ஒவ்வொரு கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே காப்புத் திறன். கிணற்றுக்குள் இருக்கும் மோட்டாருக்கு 2 மெகாஓம் அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்ல நிலை. அரை மெகாஓமுக்குக் கீழே போனால் காயில் அல்லது ஜாயின்டில் தண்ணீர் இறங்கிவிட்டது, தூக்கத்தான் வேண்டும். மாதம் ஒருமுறை இந்த எண்ணை எழுதி வந்தால், 20, 12, 5, 2 என்று இறங்குவது முன்கூட்டியே தெரியும். பயிர் இல்லாத இடைவெளியில் மோட்டாரைத் தூக்கிப் பழுது பார்த்துவிடலாம்.

தூக்கியே ஆக வேண்டும் என்றால்

மேலே வந்ததும் கேபிளை மோட்டாரில் இருந்து பிரித்து, இரண்டையும் தனித்தனியாக மெக்கரில் சோதிக்க வேண்டும். கேபிள் ஜாயின்ட் மட்டும் பழுதாக இருந்தால் மோட்டாரை வைண்டிங்குக்கு அனுப்பத் தேவை இல்லை. புதிய ஜாயின்ட் போட்டதும் அதை ஒரு வாளித் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து மீண்டும் மெக்கர் பார்த்த பிறகே இறக்க வேண்டும்.

கேபிளின் தடிமனையும் இந்த நேரத்தில் சரிபார்க்கலாம். ஸ்டார்ட்டரில் இருந்து மோட்டார் வரை 150 மீட்டர் தூரம், 9 ஆம்பியர் ஓடும் 5 எச்.பி. மோட்டார் என்றால், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் ஏறத்தாழ 18 வோல்ட் வழியிலேயே வீணாகும். 4 சதுர மில்லிமீட்டர் கேபிளில் இது 12 வோல்டுக்குள் அடங்கும். போர்வெல்லை ஆழப்படுத்தி மோட்டாரைக் கீழே இறக்கும்போது பழைய கேபிளையே ஒட்டுப்போட்டு நீட்டுவது, ஏற்கெனவே குறைந்த வோல்டேஜை மேலும் குறைக்கும்.

தண்ணீர் நிரப்பும் வகை மோட்டாரில், சுத்தமான தண்ணீரை நிரப்பி, காற்றுக் குமிழ் முழுவதும் வெளியேறிய பிறகே மூடியை இறுக்க வேண்டும். தரையில் வைத்து "சுற்றுகிறதா பார்ப்போம்" என்று தண்ணீர் இல்லாமல் ஒரு நொடிகூட ஓட்டக் கூடாது, பேரிங் கெட்டுவிடும். இறக்கும்போது 10 அடிக்கு ஒரு இடத்தில் கேபிளைப் பைப்புடன் கட்ட வேண்டும். கேபிளைப் பிடித்து மோட்டாரைத் தூக்கவோ இறக்கவோ கூடாது.

கைவிட வேண்டிய மூன்று பழக்கங்கள்

மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் கெப்பாசிட்டர் போட்டு இரண்டு பேஸில் மோட்டாரை ஓட்டும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. இதில் மூன்று கம்பிகளிலும் ஆம்பியர் ஒருபோதும் சமமாக இருக்காது. மோட்டாரும் கெடும், டிரான்ஸ்பார்மரும் கெடும். பக்கத்துத் தோட்டத்துக்கும் வோல்டேஜ் இறங்கும்.

பியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த கம்பியைக் கட்டுவது இரண்டாவது. பியூஸ் போவது எச்சரிக்கை மணி. அதைக் கட்டிப்போட்டால் அடுத்துப் போவது மோட்டார்.

மூன்றாவது, ஆட்டோ சுவிட்ச். மின்சாரம் வந்த அதே நொடியில் டிரான்ஸ்பார்மரில் உள்ள எல்லா மோட்டார்களும் கிளம்பினால், ஒவ்வொன்றும் கிளம்பும்போது வழக்கமான ஆம்பியரைப் போல 5 முதல் 7 மடங்கு இழுக்கும். வோல்டேஜ் சரிந்து, எந்த மோட்டாரும் ஒழுங்காகக் கிளம்பாது. ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ள விவசாயிகள் பேசிவைத்து, முதல் தோட்டத்துக்கு 1 நிமிடம், அடுத்ததற்கு 2 நிமிடம் என்று தாமத நேரத்தை மாற்றி வைத்துக்கொண்டால் செலவே இல்லாமல் இந்தத் தொல்லை தீரும்.

களப்பணியாளர்கள் கவனத்துக்கு

ஒரு டாங் டெஸ்டரும் ஒரு மெக்கரும் ஒவ்வொரு விவசாயியும் வாங்க வேண்டியதில்லை. உழவர் உற்பத்தியாளர் குழுவோ ஆர்வலர் குழுவோ ஒரு செட் வாங்கி வைத்து, உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரைக் கொண்டு பயிர் இல்லாத காலத்தில் எல்லா மோட்டார்களையும் ஒருமுறை சோதித்துப் பதிவு செய்யலாம். வோல்டேஜ் வேறுபாடு குறித்து மின்வாரியத்துக்கு மனு கொடுக்கும்போது, "வோல்டேஜ் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் பயன் குறைவு. தேதி, நேரம், மூன்று ஜோடிகளின் அளவு ஆகியவற்றை ஒரு வாரத்துக்கு அட்டவணையாக எழுதி, நான்கைந்து விவசாயிகள் கையெழுத்திட்டு உதவிப் பொறியாளரிடம் கொடுத்தால், வீட்டு இணைப்புகளை மூன்று பேஸுக்கும் பிரித்துப் போடவோ, டிரான்ஸ்பார்மரின் திறனைக் கூட்டவோ கேட்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கும்.

பழைய மோட்டாரை இனி வைண்டிங் செய்து பயனில்லை என்ற நிலை வந்தால், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் நட்சத்திரக் குறியீடும் உள்ள மோட்டாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மானியம் உள்ளதா என்பதை வாங்கும் முன்பே வேளாண் பொறியியல் துறையின் வட்டார அலுவலகத்திலோ உழவன் செயலியிலோ கேட்டறியலாம். வாங்கிய பிறகு கேட்டால் மானியம் கிடைப்பது கடினம்.